குழந்தையும் முதியவரும் ஒரே வீட்டில்: வேலைக்குப் போகிறவருக்கு 156-ஆம் உடன்படிக்கை தருவது என்ன?

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டால் மேலாளர் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். மாமனாரைக் கழிவறைக்குக் கைப்பிடித்து அழைத்துப் போக இன்று ஆளில்லை என்று கேட்டுப் பாருங்கள், "வீட்டில் வேறு யாரும் இல்லையா?" என்ற கேள்விதான் முதலில் வரும். ஒரே மாதத்தில் இரண்டையும் கேட்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். தனக்கே உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து, தன்னுடைய மருத்துவ விடுப்பைக் கரைக்கிறார்கள். பிறகு உண்மையிலேயே படுத்துக்கொள்ளும் நாளில் கையில் ஒரு நாள்கூட மிச்சமிருப்பதில்லை.

இவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட உலகளாவிய விதி ஒன்று 1981 முதலே இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 156-ஆம் உடன்படிக்கை அது. பெயர், 'குடும்பப் பொறுப்புகள் உள்ள தொழிலாளர்கள்'. 1983 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இதுவரை 40-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கின்றன. அதோடு சேர்த்தே நிறைவேற்றப்பட்ட 165-ஆம் பரிந்துரை, உடன்படிக்கை சொல்வதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று விளக்குகிறது.

இதற்கு முன் இருந்தது 1965-ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதன் தலைப்பிலேயே 'பெண்கள்' என்றுதான் இருந்தது, குடும்பப் பொறுப்பு என்றாலே பெண் என்று அன்றைக்கு முடிவு கட்டியிருந்தார்கள். 1981-இல் அதை மாற்றி, ஆண் பெண் இருபாலாருக்கும் என்று எழுதினார்கள். ஆணுக்கு இந்த உரிமை இல்லாத இடத்தில், வீட்டில் யார் வேலையை விடுவது என்ற கேள்விக்குப் பேச்சே இல்லாமல் பதில் முடிவாகிவிடுகிறது. அதனால் என் பார்வையில் இந்த உடன்படிக்கையின் உயிர்நாடி இந்த மாற்றம்தான்.

இரண்டாவது பெரிய விஷயம் முதல் பிரிவிலேயே இருக்கிறது. தன்னைச் சார்ந்திருக்கும் பிள்ளைகளின் பொறுப்பு உள்ளவர்கள் என்று தொடங்கி, பராமரிப்போ உதவியோ தெளிவாகத் தேவைப்படும் நெருங்கிய குடும்பத்தாரின் பொறுப்பு உள்ளவர்களையும் அதே பிரிவு சேர்த்துக்கொள்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பொறுப்பு, வேலைக்குத் தயாராவதையோ, வேலையில் சேர்வதையோ, தொடர்வதையோ, முன்னேறுவதையோ தடுப்பதாக இருக்க வேண்டும். யார் 'சார்ந்திருக்கும் பிள்ளை', யார் 'நெருங்கிய குடும்பத்தார்' என்பதை அந்தந்த நாடு வரையறுத்துக்கொள்ளலாம். துணைவரின் பெற்றோர் அந்த வரையறைக்குள் வருகிறார்களா என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தில் நீங்கள் முதலில் தேட வேண்டிய வரி. சில இடங்களில் வருவார்கள், சில இடங்களில் வரமாட்டார்கள். ஒரே வீட்டில் இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் அந்த ஒரு வரி பார்த்துத்தான் விடுப்பு.

எந்தத் தொழில், எந்த வகைத் தொழிலாளர் என்ற பாகுபாடு உடன்படிக்கையில் இல்லை. எல்லாத் துறைக்கும், எல்லா வகையினருக்கும் என்று இரண்டாம் பிரிவு சொல்கிறது. குடும்பப் பொறுப்பைக் காரணம் காட்டி மட்டும் ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பது எட்டாம் பிரிவு. 'மட்டும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வேறு உண்மையான காரணம் இருந்தால் இந்தப் பிரிவு காப்பாற்றாது. பராமரிப்புக்காக வேலையை விட்டுப் போனவர்கள் திரும்பிவரப் பயிற்சியும் வழிகாட்டலும் வேண்டும் என்று ஏழாம் பிரிவு கேட்கிறது. குழந்தைகள் காப்பகம், குடும்பச் சேவைகள் போன்றவற்றை அரசு வளர்க்க வேண்டும் என்பது ஐந்தாம் பிரிவு.

விடுப்பைப் பற்றி 165-ஆம் பரிந்துரை பேசுகிறது. பேறுகால விடுப்பு முடிந்தபின் தாய் தந்தை இருவரில் யாரும் வேலையை இழக்காமல் பெற்றோர் விடுப்பு எடுக்க முடிய வேண்டும். பிள்ளைக்கு நோய் என்றாலும், தன் பராமரிப்பு தேவைப்படும் நெருங்கிய குடும்பத்தாருக்கு நோய் என்றாலும் விடுப்புப் பெற முடிய வேண்டும். ஷிப்ட் முறை, இரவு வேலை, இடமாற்றம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும்போது குடும்பப் பொறுப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் இத்தனை நாள் சம்பளத்துடன் கொடு என்று எண் எதுவும் அதில் இல்லை. பேறுகாலத்துக்கு மட்டும் எண் உண்டு, 2000-ஆம் ஆண்டின் 183-ஆம் உடன்படிக்கை குறைந்தது 14 வாரம் என்கிறது. முதியவரைப் பார்த்துக்கொள்வதற்கு அப்படி ஓர் உலகளாவிய எண் 156-இல் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையில்தான் பராமரிப்பாளருக்கு ஆண்டுக்கு 5 வேலைநாள் விடுப்பு என்று எழுதினார்கள். உறுப்பு நாடுகள் 2022 ஆகஸ்டுக்குள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த ஐந்து நாளுக்கும் சம்பளம் கட்டாயம் இல்லை.

பிள்ளையையும் முதியவரையும் ஒரே பிரிவில் ஏன் வைத்தார்கள்? வீட்டுக்குள் அவை ஒரே வேலையாகத்தான் நடக்கின்றன. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் அகப்பட்டவர்களை 'சாண்ட்விச் தலைமுறை' என்று சமூகப் பணி ஆய்வாளர் டோரத்தி மில்லர் அழைத்ததும் அதே 1981-இல்தான். ஆனால் இவர்களின் சுமையை அளப்பது எளிதல்ல.

நேரப் பயன்பாட்டு ஆய்வில் அரைமணிக்கு அரைமணி என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். ஒரு பெண் 11 மணிக்கு நேராக 'துணி மடித்தேன்' என்று எழுதுகிறார். அந்த அரைமணியில் நடந்ததைப் பாருங்கள். மூன்று வயது மகன் கூடத்தில் நாற்காலி ஏறுகிறான், ஒரு கண் அங்கே. உள்ளறையில் அப்பா கட்டிலிலிருந்து எழ முயலும் சத்தம் வருகிறதா என்று காது அங்கே. கை மட்டும்தான் துணியில். கடைத்தெரு வரை போய்வர முடியாதபடி அந்தப் பெண்ணைக் கட்டிப்போட்டிருப்பது துணி அல்லவே! ஆனாலும் தாளில் இருப்பது துணி மட்டும். இந்தக் 'கண்ணும் காதும்' நேரத்தைப் பிடிக்கத்தான் ஐக்கிய நாடுகள் சபையின் 2016-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு வகைப்பாடு, பிள்ளைகளை மேற்பார்த்திருப்பதற்கும் சார்ந்திருக்கும் பெரியவர்களை மேற்பார்த்திருப்பதற்கும் தனித்தனி இடம் கொடுத்தது. ஊதியமில்லாத இந்தப் பராமரிப்பும் 'வேலை'தான் என்று உலகத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு அதற்கு முன்பே, 2013-இல், வரையறுத்திருந்தது.

கிடைத்திருக்கும் கணக்கே பெரிது. 64 நாடுகளின் ஆய்வுகளை வைத்து சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஒரு நாளில் 1,640 கோடி மணிநேரம் ஊதியமில்லாப் பராமரிப்பில் போகிறது. 200 கோடிப் பேர் நாளுக்கு 8 மணி நேரம் சம்பளம் இல்லாமல் உழைப்பதற்குச் சமம் அது. பெண்களின் பங்கு 76.2 விழுக்காடு. ஒரு பெண்ணுக்குச் சராசரி 4 மணி 25 நிமிடம், ஆணுக்கு 1 மணி 23 நிமிடம். பராமரிப்பின் காரணமாக வேலைச் சந்தைக்கு வெளியே நிற்பவர்கள் 2023-இல் 74.8 கோடிப் பேர், அதில் 70.8 கோடிப் பேர் பெண்கள். எட்டாம் பிரிவு வேலையில் இருப்பவரைத்தான் காக்கும். இந்தக் கோடிக்கணக்கானவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது ஐந்தாம் பிரிவும் ஏழாம் பிரிவும்: காப்பகமும், திரும்பி வரும் வழியும்.

இனி நடைமுறை. உங்கள் நாடு இந்த உடன்படிக்கையை ஏற்றிருந்தாலும் அதைக் காட்டி மேலாளரிடம் நேரடியாக விடுப்பு வாங்கிவிட முடியாது, உள்நாட்டு விதி வேண்டும். ஆனால் அந்த விதி நாடாளுமன்றத்தில்தான் பிறக்க வேண்டும் என்றில்லை. சட்டம், கூட்டு ஒப்பந்தம், நிறுவனத்தின் பணி விதிகள், நடுவர் தீர்ப்பு, நீதிமன்றத் தீர்ப்பு என எந்த வழியிலும் நடைமுறைப்படுத்தலாம் என்று ஒன்பதாம் பிரிவு சொல்கிறது. தேவைப்பட்டால் படிப்படியாகவும் செய்யலாம். இந்த நடவடிக்கைகளை வகுப்பதில் பங்கெடுக்கும் உரிமை தொழிலாளர் அமைப்புகளுக்கு உண்டு என்பது பதினொன்றாம் பிரிவு. ஆகவே நாடு ஏற்காத இடத்திலும், அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில் 'குழந்தை நோய் விடுப்பு' என்று இருக்கும் வரியை 'பராமரிப்பு தேவைப்படும் நெருங்கிய குடும்பத்தார்' என்று விரிக்கச் சொல்லித் தொழிற்சங்கம் கேட்கலாம். ஊதியம் ஏற்றச் சொல்வதைவிட இது எளிதாக நடக்கக்கூடும்.

விண்ணப்பத்தில் சிக்குவது 'தெளிவாகத் தேவைப்படும்' என்ற சொற்கள். 'அப்பாவுக்கு வயது 81, முடியவில்லை' என்று எழுதினால் போதாது, வயது தேவையைக் காட்டாது. ஆய்வாளர்களும் மருத்துவர்களும் முதியவரின் சார்பு நிலையை அளக்கப் பயன்படுத்துவது, அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963-இல் வெளியிட்ட ஆறு அன்றாடச் செயல்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிவறை போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இவற்றில் எதெதை ஆள் துணை இல்லாமல் செய்ய முடியாது என்று மருத்துவரின் கடிதத்தில் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். எந்த நேரங்களில் ஆள் வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதே விண்ணப்பத்தில் பிள்ளையின் வயதையும், காப்பகம் திறந்து மூடும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். இரண்டையும் தனித்தனிக் கடிதமாகக் கொடுத்தால் இரண்டுமே சின்னச் சிரமமாகத் தெரியும். ஒரே தாளில், காலை 6 முதல் இரவு 10 வரை மணிவாரியாக எழுதிக் கொடுங்கள், நேரம் மாற்றித் தரச் சொல்லும் கோரிக்கை அந்தத் தாளின் கடைசி வரியாக இருக்கட்டும்.