மருந்து தேடிய ஏ.ஐ. நஞ்சைத் தேடியபோது

புது மருந்துக்கான மூலக்கூறுகளைத் தேடும் ஏ.ஐ. மாடல் மதிப்பெண் போட்டுத்தான் வேலை செய்கிறது. ஒரு மூலக்கூறு நோயோடு தொடர்புள்ள புரதத்தின் மேல் செயல்படும் என்று கணித்தால் மதிப்பெண் கூடும். உடலுக்கு நச்சு என்று கணித்தால் குறையும்.

2022-இல் வெளியான ஓர் ஆய்வில், விஞ்ஞானிகள் இந்த விதியில் ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டார்கள். நச்சாக இருந்தால் மதிப்பெண்ணைக் கூட்டு, அவ்வளவுதான். 6 மணி நேரத்துக்குள் 40,000 மூலக்கூறுகள் வந்து விழுந்தன. வி.எக்ஸ். என்ற கொடிய போர் நஞ்சும் அதில் இருந்தது. பயிற்சித் தரவில் அது இல்லவே இல்லை! எதையும் அவர்கள் தயாரித்துப் பார்க்கவில்லை, நல்லவேளை.

ஏ.ஐ.யை வேகப்படுத்தலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. நன்மையும் ஆபத்தும் ஒரே திறமையிலிருந்து பிறக்கின்றன.

சரி, மெதுவாகப் போகலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. ஒரு புரதத்தின் வடிவம் தெரிந்தால் அதன் மேல் செயல்படும் மருந்தைத் தேடுவது எளிது. அந்த வடிவத்தை ஆய்வகத்தில் கண்டுபிடிக்க மாதங்கள், சில நேரம் வருடங்கள் ஆகும். ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏ.ஐ. மாடல் 2022-க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்களைக் கணித்துப் பொதுவில் வைத்துவிட்டது. அது பத்து வருடம் தாமதமாக வந்திருந்தால், நோயாளிகளும் அத்தனை காலம் காத்திருக்க வேண்டும்.

ஆனால் சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மொழி மாடல்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணினித் திறனையும் தரவையும் கூட்டினால், அடுத்த சொல்லைக் கணிப்பதில் பிழை எவ்வளவு குறையும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். எந்தப் புதுத் திறமை முளைக்கும் என்று சொல்வதுதான் கடினம். 2020-இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாடலுக்கு 17,500 கோடி அளவுருக்கள், அதாவது பயிற்சியில் மாடல் சரிசெய்துகொள்ளும் எண்கள். அதன் சிறிய வடிவங்கள் 3 இலக்கக் கூட்டலில் திணறின. இந்தப் பெரிய மாடலோ பெரும்பாலும் சரியாகப் போட்டது. கூட்டல் என்றால் பரவாயில்லை. நஞ்சு தயாரிக்க வழி சொல்லும் திறமையும் இப்படியே முளைக்கலாம். சோதித்தால்தான் தெரியும், சோதிக்க நேரம் வேண்டும்.

2023 மார்ச்சில் பலர் கையெழுத்திட்ட ஒரு திறந்த மடல், ஜிபிடி-4-ஐ மிஞ்சும் மாடல்களின் பயிற்சியை 6 மாதம் நிறுத்தச் சொன்னது. யாரும் நிறுத்தவில்லை. காலக்கெடு வைத்து நிறுத்துவதைவிட, பயிற்சியின் நடுவிலேயே கட்டம் கட்டமாகச் சோதித்து, தேறினால் மட்டும் தொடர்வது நல்லது என்று நினைக்கிறேன். புரத வடிவம் கணிக்கும் மாடலுக்கு அந்தச் சோதனை சீக்கிரம் முடியலாம். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் மாடலுக்கு அதிக நாள் ஆகும், ஆகட்டும்.