8.5 ஜிபி படம் 4.7 ஜிபி டிஸ்க்கில் எப்படி அடங்குகிறது?

திரைப்பட டிவிடிகளில் பெரும்பாலானவை இரட்டை அடுக்கு டிஸ்க்குகள். ஒரே பக்கத்தில் இரண்டு அடுக்காகப் பதிவு இருப்பதால் 8.5 ஜிபி வரை பிடிக்கும். நாம் எழுதும் சாதாரண வெற்று டிவிடியில் ஓர் அடுக்குதான், 4.7 ஜிபி. படத்தை இதற்குள் கொண்டுவர வேண்டும், தரமும் குறையக் கூடாது. முடியுமா?

கறாராகச் சொன்னால், படத்தைச் சுருக்கும்போது எதையும் இழக்காமல் இருக்க வழியில்லை. ஆனால் எதை இழப்பது என்பது நம் கையில் இருக்கிறது. அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இழப்பு கண்ணுக்குத் தெரியாது.

ஜிப் செய்து பார்த்தால் என்ன? ஒன்றும் குறையாது. டிவிடியில் இருக்கும் படம் ஏற்கெனவே பிழிந்து எடுக்கப்பட்டதுதான். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் அமைந்த டிவிடியில் ஒரு ஃபிரேம் 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம்கள். சுருக்காமல் வைத்தால் இரண்டு மணி நேரப் படத்துக்குச் சுமார் 112 ஜிபி வேண்டும். எம்பெக்-2 என்ற முறைதான் அதை டிஸ்க்கில் அடங்கும் அளவுக்கு இறக்கியிருக்கிறது. ஜிப்புக்கு மிச்சம் வைத்த வேலை எதுவும் அங்கே இல்லை.

அதனால் முதலில் படத்தைத் தொடாமல் மற்றதைப் பார்க்க வேண்டும். நொடிக்கு 448 கிலோபிட் வேகத்தில் ஓடும் ஒரு டால்பி ஆடியோ டிராக் இரண்டு மணி நேரத்தில் 400 எம்பி பிடிக்கும். 1536 கிலோபிட் டிடிஎஸ் டிராக் என்றால் கிட்டத்தட்ட 1.4 ஜிபி. நமக்குத் தெரியாத மொழியின் டிராக், முன்னோட்டங்கள், படப்பிடிப்புக் காட்சிகள் எல்லாவற்றையும் நீக்கினாலே பல டிஸ்க்குகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இதில் படத்துக்கு ஒரு பிட்கூடச் சேதமில்லை.

அப்புறமும் இடம் போதவில்லை என்றால்தான் படத்தில் கை வைக்க வேண்டும். எம்பெக்-2 எல்லா ஃபிரேம்களையும் முழுதாகச் சேமிப்பதில்லை. ஐ ஃபிரேம் மட்டும் முழுப் படம்; ஏறக்குறைய அரை நொடிக்கு ஒன்று வரும். பி (P) வகை ஃபிரேம் முன்னதைப் பார்த்து, எது எங்கே நகர்ந்தது, என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். இருபக்க ஃபிரேம்கள் முன்னதையும் பின்னதையும் சேர்த்துப் பார்க்கும். அவற்றைப் பார்த்து வேறு எந்த ஃபிரேமும் உருவாவதில்லை.

ஒவ்வொரு ஃபிரேமும் 8-க்கு 8 புள்ளிச் சதுரங்களாக வெட்டப்படுகிறது. ஒரு சதுரத்தின் 64 புள்ளிகளை, மெதுவாக மாறும் ஒளி எவ்வளவு, நுணுக்கமான கோடுகள் எவ்வளவு என்று சொல்லும் 64 எண்களாக மாற்றுகிறார்கள். பிறகு ஒவ்வோர் எண்ணையும் ஒரு படியளவால் வகுத்து முழு எண்ணாக்குகிறார்கள். நுணுக்கத்தைக் குறிக்கும் பல எண்கள் இதில் பூஜ்யமாகிவிடும். நம் கண் அவற்றை அதிகம் கவனிப்பதில்லை. மிச்சமாகும் இடம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது.

டிவிடியை வேகமாகச் சுருக்கும் மென்பொருள்கள் இந்தப் படியளவை மட்டும் பெரிதாக்கி, எண்களை மறுபடி வகுக்கின்றன. நகர்வுக் குறிப்புகளை அப்படியே விட்டுவிடுவதால் வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மூல எண் 57 என்று வைத்துக்கொள்வோம். படியளவு 16 என்றால் 57 வகுத்தல் 16, முழு எண்ணாக்கினால் 4. திரும்பப் பெருக்கினால் 64. டிஸ்க்கில் இருப்பது இந்த 64. இப்போது படியளவை 18 ஆக்கினால் மறுபடி 4, அதாவது 72. மூலத்திலிருந்தே நேராக 18-ஆல் வகுத்திருந்தால் 54 கிடைத்திருக்கும், 3 மட்டுமே பிழை. இரண்டு முறை சுருக்கியதில் பிழை 15 ஆகிவிட்டது. அந்தப் பிழை, அந்த ஃபிரேமைப் பார்த்து உருவாகும் அடுத்த ஃபிரேம்களுக்கும் பரவும். இருபக்க ஃபிரேமில் விழும் பிழை மட்டும் அதோடு நின்றுவிடும். முதலில் அங்கே குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

கொஞ்சம் குறைக்க இந்த வழி போதும். பாதிக்குப் பாதி குறைக்க வேண்டுமென்றால் படத்தின் சுருக்கத்தை முழுதாக விரித்து, முதலிலிருந்து மறுபடி என்கோட் செய்வதே, அதாவது புதிதாகச் சுருக்குவதே நல்லது என்பது என் கருத்து. கணக்கு எளிது: 4.7 ஜிபியை 7200 நொடிக்குப் பங்கிட்டால் நொடிக்குச் சுமார் 5.2 மெகாபிட். ஆடியோவைக் கழித்தால் படத்துக்கு 4.7 மெகாபிட் கிடைக்கும். இதை எல்லா நொடிக்கும் சமமாகக் கொடுக்கக் கூடாது. இரண்டு சுற்று என்கோடிங்கில் முதல் சுற்று முழுப் படத்தையும் அளந்து பார்க்கும். இரண்டாவது சுற்று, இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் பிட்டை மிச்சம் பிடித்து மழைக்கும் சண்டைக்கும் கொடுக்கும். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் இடம் இறுக்கமாக இருக்கும்போது அந்தக் காத்திருப்புக்குப் பலன் உண்டு.

பழைய ஃபிலிம் படங்களில் வரும் மணல்போன்ற இரைச்சல் பிட்டை விழுங்கிவிடும், ஏனென்றால் அது ஃபிரேமுக்கு ஃபிரேம் தாறுமாறாக மாறுவதால் எந்தக் கணிப்புக்கும் அடங்காது. லேசாக வடிகட்டினால் நிறைய இடம் கிடைக்கும். அதிகம் வடிகட்டினால் முகங்கள் மெழுகுபோல் வழுக்கிவிடும்.

சாதாரண டிவிடி பிளேயரில்தான் ஓட வேண்டும் என்றால் எம்பெக்-2-ஐ விட முடியாது. கணினியில் பார்த்தால் போதும் என்றால் 2003-இல் வந்த எச்.264 இருக்கிறது, நொடிக்கு ஏறக்குறைய பாதி பிட்களிலேயே அதே தரம் தரும். எந்த வழியில் செய்தாலும், டிஸ்க்கில் எழுதுவதற்கு முன் இருட்டுக் காட்சிகளையும் புகையையும் ஓட்டிப் பாருங்கள். சதுரம் சதுரமாக உடைவது முதலில் அங்கேதான் தெரியும்.