ஏற்காட்டுக் காப்பிக்கு லண்டனில் போட்ட ரேஷன்

டிசம்பர் கடைசியில் ஏற்காட்டில் எந்தத் தோட்டத்துக் களத்தை எட்டிப் பார்த்தாலும் பார்ச்மென்ட் காய்ந்துகொண்டிருக்கும். பழத்தைப் பல்ப்பரில் விட்டுத் தோலை உரித்து, ஊறப்போட்டுக் கழுவிய கொட்டை அது. மேலே வெளிர்மஞ்சளில் காகிதம் மாதிரி ஒரு ஓடு. ஒன்றை எடுத்து உடைத்துக் கடிப்பார்கள். பல் பதிந்தால் இன்னும் ஈரம். பதியாமல் நின்றால் மூட்டை கட்டலாம்.

அங்கே நிற்பவரிடம் விலை கேட்டால் செல்போனை எடுத்து நியூயார்க் காப்பிச் சந்தை விலையைச் சொல்வார், ஒரு பவுண்டு எடைக்கு இத்தனை சென்ட் என்று. நமக்கு சென்ட் என்றால் நிலம். காப்பிக்காரர்களுக்கு மட்டும் இரண்டு சென்ட் உண்டு, நிலத்துச் சென்டும் டாலர் சென்டும்.

இந்த விலை ஏன் இப்படி ஆடுகிறது? மலைக்குக் கீழே மரவள்ளி போட்டவர் விலை விழுந்தால் அடுத்த வருஷம் வேறு பயிருக்குப் போய்விடலாம். காப்பிச் செடி நட்டால் காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருஷம் ஆகும். விலை ஏறும்போது எல்லா நாட்டிலும் நடுகிறார்கள், எல்லாம் ஒரே சமயத்தில் காய்க்கிறது, விலை சரிகிறது. யாரும் சட்டென்று செடியைப் பிடுங்குவதில்லை. 1931-க்கும் 1944-க்கும் இடையில் பிரேசில் ஏறக்குறைய 7.8 கோடி மூட்டையை எரித்தும் கடலில் கொட்டியும் அழித்தது இதனால்தான்.

1959-இல் கியூபாவில் புரட்சி. காப்பி விலை விழுந்தால் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளும் கம்யூனிசப் பக்கம் சாயுமோ என்று அமெரிக்காவுக்குக் கவலை. 1962-இல் சர்வதேச காப்பி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை நடத்த 1963-இல் லண்டனில் சர்வதேச காப்பி அமைப்பு உட்கார்ந்தது. ஒவ்வொரு நாடும் வருஷத்துக்கு இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று கோட்டா. 1980-களில் அது கட்டிக்காத்த விலை பவுண்டுக்கு 120 முதல் 140 சென்ட். பதினைந்து நாள் சராசரி அதற்குக் கீழே போனால் எல்லார் கோட்டாவையும் குறைப்பார்கள். மேலே போனால் தளர்த்துவார்கள்.

விற்கிறவர்கள் கூடிப் பேசினால் யாராவது ஒருவர் இருட்டில் இரண்டு கப்பல் கூடுதலாக அனுப்புவார். அதனால் சாவியை வாங்குகிறவர் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு சரக்கோடும் பிறப்பிடச் சான்றிதழ் போகும். கோட்டா அளவுக்கான வில்லைகளை, அதாவது ஸ்டாம்புகளை, அதில் ஒட்டியிருக்க வேண்டும். வில்லை இல்லாத காப்பியை அமெரிக்க, ஐரோப்பிய சுங்கம் உள்ளே விடாது. கார்டு இல்லாமல் ரேஷன் கடையில் அரிசி வாங்கப் போவது மாதிரிதான். தனக்கே விலை கூடும் என்று தெரிந்தும் வாங்குகிறவன் காவல் நின்ற அதிசயம் இது. என் கணக்கில் காப்பி நாடுகளின் ஒற்றுமையைவிட கியூபா பயமே அந்த விலையைத் தாங்கியது.

ஓட்டையும் இருந்தது. சோவியத் யூனியன் உறுப்பினர் இல்லை. அங்கே கோட்டா கிடையாது. டாலர் இல்லாமல் ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கும் வணிகத்தில் இந்தியா நிறைய அனுப்பியது. உறுப்பினரல்லாத நாடுகளுக்குச் சில நாடுகள் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட காப்பி, தாள் மாற்றிக்கொண்டு மேற்கு ஐரோப்பாவுக்கே திரும்பி வந்தது. சுற்றுலாக் காப்பி என்றே அதற்குப் பெயர். அதிக விலை கொடுத்த அமெரிக்காவுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? பிரேசில் தன் பங்கை விட்டுத்தர மறுத்தது, பனிப்போரும் தணிந்துகொண்டிருந்தது. 1989 ஜூலை 4-இல் கோட்டா நின்றது. சில மாதத்தில் விலை எண்பது சென்டுக்கும் கீழே.

ஏற்காட்டில் அந்த அடி நேராக விழவில்லை. அப்போது விளைந்ததை எல்லாம் மத்திய அரசின் காப்பி போர்டு வைத்திருந்த பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். போர்டு விற்று, தவணை தவணையாகப் பணம் தரும். 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அன்னியச் செலாவணி வறண்டு ஐ.எம்.எஃப். கடனுக்குப் போன வருஷம் அது. ஒரு டாலருக்கு 21 ரூபாய் கிடைத்த இடத்தில் கிட்டத்தட்ட 26 கிடைத்தது. டாலரில் விழுந்ததில் கொஞ்சம் ரூபாயில் ஈடானது. 1996-இல் முழுச் சரக்கையும் தோட்டக்காரரே விற்கலாம் என்றானது. நியூயார்க் விலை களத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

லண்டன் அமைப்பு இன்னும் இருக்கிறது. ஏற்றுமதிக்குக் கட்டிய சணல் மூட்டையில் 14 என்று தொடங்கும் எண் அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். 14 இந்தியாவுக்கு அந்த அமைப்பு கொடுத்த எண். சான்றிதழும் கூடவே போகிறது, எவ்வளவு போனது என்று கணக்கெடுக்க. வில்லை ஒட்ட அதில் இப்போது வேலை இல்லை.