அரைக் குன்றிமணி

சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், பள்ளி விட்டதும் பையன்கள் கையில் லஸ்திக் இருக்கும். புத்தகத்தில் அதற்குப் பேர் கவண். எங்கள் வாயில் லஸ்திக்தான். கொய்யாக் கவையும் சைக்கிள் டியூபும் எல்லாரிடமும் ஒன்றுதான். எதை வைத்து அடிப்பது என்பதில்தான் வித்தியாசம். பெரும்பாலான பையன்கள் மரத்தடியில் கிடக்கும் ரப்பர் கொட்டையைப் பொறுக்கிக்கொள்வோம். அது லேசு, ஒரு பக்கம் சப்பை. சிமெண்ட் தரையில் தேய்த்து அடுத்தவன் தொடையில் சூடு வைக்க லாயக்கே தவிர, குறி பார்க்க லாயக்கில்லை. லயத்தில் கடைசி வீட்டு அண்ணன் மட்டும் ஆற்றங்கரைக் களிமண்ணை இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் வழித்து எடுப்பார். ஒரு மூடிக்கு ஓர் உருண்டை. தகரக் கூரையில் காயவைத்து, விரிசல் விட்டதைத் தூக்கிப் போட்டுவிடுவார். அவர் அடி அவ்வளவு சீக்கிரம் தப்பாது. கைராசி என்று சொல்லிக்கொண்டோம். ராசி கையில் இல்லை, மூடியில் இருந்தது என்று எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆனது.

புரிந்த இடம் ஆஸ்திரேலியாவின் பெர்த். அங்கே குடியேறிய என் மச்சான் உரிமம் வைத்துக்கொண்டு கிளப்பில் துப்பாக்கி சுடுகிறவர். தன் தோட்டாக்களை அவரே தயாரித்துக்கொள்கிறார். (நம் ஊரில் யாரும் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா கையில் இருந்தாலும் குற்றம்தான்.) கடையில்தான் விற்கிறதே, எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். “கடைத் தோட்டா எல்லார் துப்பாக்கிக்கும் பொருந்தணும் மாப்பிள்ளை. இது என்னோடதுக்கு மட்டும் பொருந்தினா போதும்” என்றார்.

தோட்டா என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நான்கு பொருள்கள் இருக்கின்றன. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி விடும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். சுட்ட பிறகு கூடு கையில் மிஞ்சும். அதற்குப் புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்தால் மறுபடி தோட்டா.

இதில் வேகத்தைக் கூட்டுவது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் கிளம்ப வேண்டும், பாடு அதற்குத்தான். வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 300 மீட்டரைக் கடக்க, காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 0.375 வினாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை 69 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். அது பரவாயில்லை. எல்லாக் குண்டும் 69 இறங்கினால், குறிபார்க்கும் லென்ஸை அந்த அளவுக்குத் திருகி வைத்துவிடலாம். அடுத்த குண்டு 790 மீட்டர் வேகத்தில் கிளம்பினால்தான் வம்பு. அது 71 சென்டிமீட்டருக்குக் கிட்ட இறங்கும். 300 மீட்டரில் இது ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் பிசகு. 900 மீட்டரில் அதே பிசகு ஒன்பது மடங்காகி 15 சென்டிமீட்டரைத் தாண்டும். காற்றின் தடையைச் சேர்த்தால் இன்னும் மோசம். தராசு எப்போதும் ஐந்து கிராம் கூடக் காட்டினால் கழித்துக்கொள்ளலாம். ஒருநாள் கூடவும் ஒருநாள் குறையவும் காட்டினால் என்ன செய்வது?

அதனால்தான் மருந்தை நிறுக்கிறார்கள். அளவு கிரெயின். ஒரு வாற்கோதுமை மணியின் எடையில் பிறந்த அளவு அது. 65 மில்லிகிராம் வரும். நம் தட்டார்கள் பொன் நிறுத்த குன்றிமணியில் ஏறத்தாழ பாதி. மச்சான் அந்தப் பாதிக் குன்றிமணியைப் பத்தாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு கூடாமல் குறையாமல் நிறுக்கிறார். கராஜில் நல்ல வெக்கை. மின்விசிறியை நிறுத்திவிட்டார். ஒரு துகளைச் சிமிட்டாவில் எடுத்துத் தட்டில் போடும்போது மூச்சையும் பிடித்துக்கொண்டார். எனக்கு எங்கள் டவுன் நகைக்கடைத் தட்டார்தான் ஞாபகம் வந்தார். அம்மாவின் தோட்டை நிறுக்கும்போது அவரும் இப்படித்தான் விசிறியை நிறுத்துவார். வியர்வை வழியும், துடைக்க மாட்டார்.

தட்டாரின் இன்னொரு வேலையும் அங்கே நடந்தது. சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்பக்கம் கசியாது. பிறகு கொஞ்சம் சுருங்கும். அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இப்படி விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி, பித்தளை இறுகிப் போகும். தட்டத் தட்ட வெள்ளிக் கம்பி இறுகுவது போலத்தான். கூட்டின் கழுத்தில்தான் குண்டு உட்காரும். இறுகிய கழுத்து ஒரு குண்டை இறுக்கிப் பிடிக்கும், ஒன்றைத் தளர விடும். பிடி மாறினால் வேகமும் மாறும். எனவே கழுத்தை மட்டும் சில வினாடி தீயில் காட்டி இளக்குகிறார்கள். அடிப்பாகத்தில் சூடு ஏறக்கூடாது. அங்கே பித்தளை இளகிவிட்டால் அடுத்த முறை சுடும்போது வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காது. முகம் பக்கத்தில் இருக்கிறது.

கூட்டுக்குள் குண்டை எவ்வளவு ஆழம் செருகுவது என்பதும் ஒரு கணக்கு. குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. குண்டின் மூக்குக்கும் அந்த வரிகளின் தொடக்கத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். தலைமுடியின் கனத்தில் அது மூன்றில் ஒரு பங்கு.

என்னை உட்கார வைத்தது சுழற்சிக் கணக்குதான். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழற்றும் குழலிலிருந்து 800 மீட்டர் வேகத்தில் வரும் குண்டு, வினாடிக்கு 2,600 தடவைக்கு மேல் சுழல்கிறது. அதன் எடை நடுவில் இல்லாமல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழலுக்குள் இருக்கும்வரை சுவர் பிடித்துவைத்திருக்கும். வாயை விட்டு வந்த கணம், சேற்றுச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் துளி மாதிரி ஒரு பக்கமாகத் தள்ளப்படும். 300 மீட்டர் போவதற்குள் ஆறு சென்டிமீட்டர் விலகியிருக்கும். சர்வதேச 300 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே பத்து சென்டிமீட்டர்தான். நடுவிலிருந்து விளிம்புக்கு ஐந்து. பிசிறில்லாமல் குறிபார்த்தும் பத்து போச்சு.

எங்கள் ரப்பர் கொட்டை கோணல்மாணலாகப் போனதற்குச் சப்பை வடிவம் மட்டும் காரணமா, உள்ளே ஒரு பக்கம் சாய்ந்த பருப்பும் காரணமா என்று அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்தேன்.

காற்றுத் துப்பாக்கி வீரர்களுக்கு இந்தத் தயாரிப்பு வேலையெல்லாம் இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகக் கலந்துகொண்ட நம் நாட்டு நூர் சூர்யானி சுட்டது அந்தப் பிரிவில்தான். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. பத்து மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர் பொட்டுதான் பத்துப் புள்ளி. இந்தப் பிரிவில் பல தொகுதிக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, தன் துப்பாக்கிக்கு ஒத்துவரும் தொகுதியை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

நம் ஊர்த் தட்பவெப்பமும் இந்த வேலைக்கு எதிரிதான். மருந்து சூடானால் வேகமாக எரியும். காலை நிழலில் சரியாக இருந்த அளவு, மத்தியான வெயிலில் கிடந்த பெட்டியில் வேறு வேகம் காட்டும். ஈரப்பதம் ஏறினாலும் எரியும் விதம் மாறும். சுட்டுச் சூடேறிய குழலுக்குள் தோட்டாவைப் போட்டுவிட்டு ரொம்ப நேரம் குறிபார்ப்பதும் தப்பு; உள்ளேயே வெந்துகொண்டிருக்கும்.

இத்தனையும் செய்துவிட்டு பலர் கோட்டைவிடும் இடம் எண்ணிக்கை. புது அளவு ஒன்றை மூன்று தோட்டாவில் சோதித்து, மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் கண்டுபிடித்துவிட்டோம் என்று படம் எடுத்துவிடுகிறார்கள். மூன்று நெருங்கி விழுவது தற்செயலாகவும் நடக்கும். மச்சான் இருபதுக்குக் குறைந்து எதையும் நம்புவதில்லை. இருபது சுட்டால் வட்டம் பெரிதாகத்தான் தெரியும், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும். வேலிக்கம்பத்தில் பால் டின்னைக் கவிழ்த்து வைத்து, ஒரு சாயங்காலம் அண்ணனோடு போட்டி போட்டேன். ஆளுக்கு இருபது. அவருடைய களிமண் உருண்டை பதினான்கு தடவை டின்னைத் தட்டியது, என் ரப்பர் கொட்டை மூன்று. அந்த மூன்றில் இரண்டு என் முதல் மூன்று அடியிலேயே விழுந்தவை. அதோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்குத் தோட்டத்தில் நான்தான் வில்லாளி.