பெயின்ட் அடித்தால் இறக்கை உடையுமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மாமா பல வருடம் மெனக்கெட்டு கராஜிலேயே ஒரு குட்டி விமானம் கட்டி, இப்போது ஓட்டியும் வருகிறார். அண்மையில் பழைய பெயின்ட் மங்கிவிட்டதென்று, அதன் மேலேயே பட்டி பார்த்து, தேய்த்து, புதிதாக இரண்டு கோட்டிங் கொடுத்திருக்கிறார். வருடாந்திரச் சோதனைக்கு வந்தவர் அதைப் பார்த்ததும், "ஏலரானைக் கழற்றி பேலன்ஸ் பார்க்காமல் பறக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். "பெயின்ட் அடித்ததற்குக் கூடவா தடை? இது காசு பிடுங்கும் வேலைதானே?" என்பது வாசகரின் கேள்வி.

இல்லை. அந்த ஆய்வாளருக்கு மாமா ஒரு பிரியாணி போட்டாலும் தகும்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்க விமானங்களின் உடம்பில் எழுதியிருக்கும் பதிவெழுத்தைப் பாருங்கள். செஸ்னா, பைப்பர் போல வகைச் சான்றிதழோடு (அந்த மாடலின் வடிவமைப்பையே சோதித்து ஒப்புக்கொண்ட சான்று) ஆலையிலிருந்து வந்தவை பெரும்பாலும் 'இசட்.எஸ்.' என்று தொடங்கும். வீட்டில் கட்டியவையும், வகைச் சான்றிதழ் இல்லாத மற்றவையும் 'இசட்.யு.'. நம் நாட்டில் இந்தக் கூட்டம் சிறியதல்ல. ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் தயாராகும் ஸ்லிங் விமானத்தைப் பெட்டியில் அடைத்த உதிரிபாகங்களாகவே, அதாவது 'கிட்' ஆகவே வாங்கலாம். 2019-இல் பள்ளிப் பிள்ளைகள் கூடி அப்படி ஒரு ஸ்லிங் 4 விமானத்தைப் பூட்டினார்கள். அது கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை போனது. இத்தகைய விமானங்களுக்கு சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கொடுப்பது 'அத்தாரிட்டி டு ஃப்ளை' என்ற பறக்கும் அனுமதி. கட்டியவருக்குத் தன் விமானத்தைப் பராமரிப்பதில் நல்ல சுதந்திரம் உண்டு. ஆனால் எடையையோ வலிமையையோ பறக்கும் குணத்தையோ தொடும் எந்த மாற்றமும் பதிவேட்டில் ஏற வேண்டும். அதிகாரம் உள்ளவர் பார்த்து ஒப்ப வேண்டும். தேவைப்பட்டால் மறுபடி சோதனைப் பறப்பு. பெயின்ட் அந்தப் பட்டியலில் எப்படி வந்தது என்பதுதான் விஷயமே.

ஏலரான் என்பது இறக்கையின் பின் விளிம்பில், வெளி முனைப் பக்கமாகக் கீல் போட்டு மாட்டிய பலகை. அது கீழே இறங்கினால் அந்தப் பக்க இறக்கைக்குத் தூக்குவிசை கூடும், மேலே ஏறினால் குறையும். விமானத்தைச் சாய்த்துத் திருப்புவது இதை வைத்துத்தான். பள்ளியில் படித்ததுதான், விடுங்கள்.

இப்போது விமானம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு காற்றடி இறக்கையை வெடுக்கென்று மேலே தூக்குகிறது. கீலும் கூடவே மேலே போகிறது. ஏலரானோ கீலில் தொங்குகிற தனிப் பலகை. அதன் எடை மையம் கீலுக்குப் பின்னால் இருந்தால் என்ன ஆகும்? நியூட்டன் சொன்ன நிலைமம்: பின்பக்க எடை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். கீல் மேலே ஓட, பின் விளிம்பு பின்தங்கிவிடும். இறக்கையின் மேலிருந்து பார்த்தால் ஏலரான் தானாகவே கீழே இறங்கியிருக்கிறது. விமானி ஒன்றும் செய்யவில்லை. ஆனால் காற்றுக்கு அதெல்லாம் தெரியாது. ஏலரான் கீழே இறங்கினால் தூக்குவிசை கூடும் என்பது மட்டுமே அதன் கணக்கு. ஆக, ஏற்கெனவே மேலே போகிற இறக்கையைக் காற்று இன்னும் மேலே தள்ளுகிறது.

இறக்கை ஓரளவுக்கு மேல் வளையாது. அதன் விறைப்பு இழுத்துப் பிடித்துக் கீழே திருப்பிவிடும். அப்போது ஏலரான் மறுபடியும் பின்தங்குகிறது, இந்தத் தடவை மேல்பக்கமாக. தூக்குவிசை குறைகிறது. கீழே போகிற இறக்கைக்குக் கீழ்நோக்கி ஒரு தள்ளு. ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டுகிறவர், பலகை போகிற திசையிலேயே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் ஆட்டம் எப்படி வளருமோ, அப்படியே இங்கும். இங்கே தள்ளுவது காற்று, தாளம் தவறாமல் கை கொடுப்பது ஏலரானின் பின்கனம். எஞ்சின் செலவழித்த பெட்ரோல்தான் விமானத்தின் வேகமாகி, அந்த வேகமே இறக்கையை ஆட்டுகிற சக்தியாக மாறுகிறது. இதற்கு ஃப்ளட்டர் என்று பெயர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் வியப்பு. காற்றடி ஒன்றுதான், அதற்குப் பிறகு வெளியிலிருந்து யாரும் ஆட்டவில்லை, பொருள் தன்னைத் தானே ஆட்டிக்கொள்கிறது.

அப்படியென்றால் எல்லா விமானமும் ஏன் உடைவதில்லை? அடக்குகிற சக்தியும் உண்டு. மேலும் கீழும் அசைகிற இறக்கையைக் காற்றே எதிர்த்துத் தடுக்கும். அந்தத் தடுப்பு வேகத்துக்கு நேர்விகிதமாக வளரும். ஆட்டத்தை ஊட்டும் விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும். குறைந்த வேகத்தில் தடுப்பு ஜெயிக்கும். காற்றடி பட்ட இறக்கை ஒரு நடுக்கத்தோடு அடங்கிவிடும். ஏதோ ஒரு வேகத்தில் இரண்டும் சமமாகும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிது. நொடிக்குப் பல தடவை நடக்கிற ஆட்டம் என்பதால், விமானி "என்ன இது" என்று நினைத்து முடிப்பதற்குள் ஏலரான் பிய்ந்து போயிருக்கலாம்.

மேட்டு நிலத்தில் பறப்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேகமானி காட்டுவது காற்றின் அழுத்தத்தை வைத்துப் போட்ட கணக்கு. டர்பன் கடற்கரையில் அது உண்மை வேகத்தை ஒட்டி வரும். பத்தாயிரம் அடியில் காற்று மெலிந்திருப்பதால், முள் அதே எண்ணைக் காட்டும்போது உண்மை வேகம் சுமார் 16 சதவீதம் அதிகம். முள் ஒரே எண்ணில் நின்றால் ஊட்டும் விசை ஏறக்குறைய மாறாது. மெலிந்த காற்றில் தடுப்பு மட்டும் குறைந்துவிடும். அதனால்தான் சில கிட் தயாரிப்பாளர்கள் உச்சவேக வரம்பை உண்மை வேகத்திலேயே சொல்கிறார்கள். டர்பனின் வர்ஜீனியா விமான நிலையத்தில் கிளம்பி டிராகன்ஸ்பர்க் மலையைத் தாண்டி மேலே போகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்து எளிது. எடை மையத்தைக் கீலுக்கே கொண்டுவந்துவிடு. கீலுக்கு முன்னால் ஈயக்கட்டி ஒன்றைப் பொருத்தினால், இறக்கை துள்ளும்போது முன்கனமும் பின்கனமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்; ஏலரான் பின்தங்காது, தாளம் கெட்டுவிடும். 1920-களின் தொடக்கத்திலேயே ஃபான் பௌம்ஹவர், கோனிங் என்ற இருவர் நெதர்லாந்தில் இதைக் கண்டு சொல்லிவிட்டார்கள். அதற்கும் முன்பு, முதல் உலகப்போர்க் காலத்தில், ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் இப்படி முறுக்கி ஆடியபோது, இரண்டு பக்க எலிவேட்டர்களையும் (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்க வாலில் கீல் போட்டு மாட்டிய பலகைகள்) ஒரே குழாயால் இறுக்கிச் சேர்த்து அடக்கினார்கள்.

சரி, பெயின்டுக்கு வருவோம். பட்டியும் பெயின்டுமாக ஒரு ஏலரானில் 200 கிராம் ஏறியது என்று வையுங்கள். அந்தப் பலகையின் பெரும்பகுதி கீலுக்குப் பின்னால்தான். சராசரியாகப் 12 சென்டிமீட்டர் பின்னே என்றால் 200 பெருக்கல் 12, அதாவது 2400. முன்பக்கம் ஈயம் வைக்கக் கிடைக்கிற இடமோ கீலிலிருந்து 4 சென்டிமீட்டர்தான். ஆகவே ஈடுகட்ட 600 கிராம் ஈயம் வேண்டும். கையில் கனமே தெரியாத பெயின்ட், மும்மடங்கு ஈயம் கேட்கிறது. பின் விளிம்பில் பட்டி தடித்திருந்தால் கணக்கு இன்னும் மோசம்.

சோதிப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஏலரானைக் கழற்றி, கீல் ஊசிகள் இரண்டையும் உரசல் இல்லாத தாங்கிகளில் உட்காரவைத்து, கையை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பலகை மட்டமாக நின்றால் சரி. பலகையின் முன்பக்கம் லேசாகத் தாழ்ந்தாலும் விமானங்களின் கட்டுமான வரைபடங்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பின் விளிம்பு தொங்கினால், சமையலறைத் தராசை அதன் அடியில் வைத்து எத்தனை கிராம் என்று பார்த்து, கீலிலிருந்து தூரத்தால் பெருக்கி, வரைபடம் அனுமதிக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். ஈயத்தை ஆடாமல் இறுக்கிப் பொருத்துவது முக்கியம். துவளுகிற கம்பியில் தொங்கவிட்டால் அது தனியாக ஒரு ஆட்டம் போடும். அப்புறம், பலகையின் அடியில் நீர் வடிய விட்ட சிறு துளைகளைப் பெயின்ட் அடைத்திருக்கிறதா பாருங்கள். டர்பன் மழையில் உள்ளே தேங்கும் தண்ணீர் வடிய வழியில்லாமல் பின் விளிம்பிலேயே போய் நிற்கும். நாளாக நிறுத்திவைத்த விமானத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தால், அதுவும் இதே கணக்கில்தான் சேரும்.

எடையோடு தளர்வும் எதிரி. 2011 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் ரீனோ பந்தயத்தில், பெரிதாக மாற்றியமைக்கப்பட்ட ஒரு பழைய பி-51 போர் விமானம் பார்வையாளர் பக்கம் விழுந்தது. விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். எலிவேட்டரின் பின்னால் இருக்கும் 'டிரிம் டேப்' என்ற சிறு பலகையைப் பிடித்திருந்த திருகுகள் தளர்ந்திருந்தன. அவற்றைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பூட்டு நட்டுகளின் உள்வளையங்கள் தேய்ந்திருந்தன. அந்த டேப் ஃப்ளட்டரில் மாட்டியது. பதிவு செய்யாத, சோதித்துப் பார்க்காத மாற்றங்களும் காரணம் என்று விசாரணை சொன்னது. ஒரு பூட்டு நட்டின் விலை சில ராண்ட்.

நம்மவர்கள் புதுக் காரை டர்பனின் உம்கேனி ரோடு கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுவது போல விமானத்துக்கும் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வையுங்கள், தேங்காயும் உடையுங்கள். ஆனால் "பூசை போட்டாச்சு, ஒன்றும் ஆகாது" என்று தராசை ஒதுக்குகிறவரோடு நான் பறக்கமாட்டேன். இன்னொரு ஆதங்கம்: பிரிட்டோரியாவில் சி.எஸ்.ஐ.ஆர். என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்திடம் காற்றுச் சுரங்கங்கள் இருக்கின்றன, ஃப்ளட்டரைக் கரைத்துக் குடித்த பொறியாளர்களும் இருக்கிறார்கள். வீட்டில் கட்டிய விமானத்தைத் தரையில் நிறுத்தி அதிரவைத்துச் சோதிக்க, கட்டியவர் கைக்காசு போட்டால் கட்டுபடியாகாது. ஆராய்ச்சி நிதியில் ஒரு சிறு துண்டை இதற்கு ஒதுக்கி, பொறியியல் மாணவர்களை விட்டே செய்யவைத்தால் பிள்ளைகளுக்கும் படிப்பு, மாமாக்களுக்கும் பாதுகாப்பு.

உங்கள் மாமா செய்ய வேண்டியது: இரண்டு ஏலரான், எலிவேட்டர், வாலில் செங்குத்தாக நிற்கும் ரடர் பலகை எல்லாவற்றையும் கழற்றி பேலன்ஸ் பார்க்கட்டும். கனம் அதிகமிருந்தால், ஈயம் சேர்ப்பதைவிடப் பழைய பெயின்டையும் பட்டியையும் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிசாக ஒரு கோட்டிங் கொடுப்பது நல்லது. கிடைத்த எண்களைத் தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதி, ஆய்வாளரிடம் கையெழுத்து வாங்கட்டும். பெயின்டுக்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒட்டலாம். ஒட்டிய பிறகு அதையும் தராசில் வைக்க வேண்டும்.