கலந்த பிறகு பிரிப்பதுதான் செலவு

வட சென்னையில் கொடுங்கையூர் என்றதும் எல்லாருக்கும் குப்பைமேடுதான் ஞாபகம் வரும். அதே கொடுங்கையூரில் 2019 முதல் இன்னொன்றும் இருக்கிறது. நாளுக்கு 4.5 கோடி லிட்டர் சாக்கடைத் தண்ணீரை ஆர்.ஓ. வரைக்கும் சுத்திகரித்து, மணலித் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்பும் திறன் கொண்ட நிலையம். மணலியில் சில ஆலைகள் 1990களிலேயே சாக்கடை நீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. அதன் அருமை மணலிக்கு வடக்கே இருக்கும் மீஞ்சூர்க்காரர்களுக்குத் தெரியும். நகரத்துக்கும் ஆலைகளுக்கும் அங்கே போர் போட்டுப் பல வருடம் உறிஞ்சியதில், நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிட்டது.

வேலை நிமித்தமாக மீஞ்சூர், சோழவரம் பக்கத்து ஊராட்சிகளுக்கு அடிக்கடி போகிறேன். தலைவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எங்க ஊருக்கும் அந்த மாதிரி பிளான்ட் வருமா சார்?" வேண்டாம் என்பதுதான் என் பதில். நகரத்தில் குளியல், சமையல், கழிவறை, பட்டறை எல்லாம் ஒரே குழாயில் வந்து சேர்கிறது. அப்படிக் கலந்ததைத் திரும்பப் பிரிக்கத்தான் அத்தனை மோட்டாரும் கரன்ட் பில்லும். கிராமத்து வீட்டில் இன்னும் எதுவும் கலக்கவில்லை. அதைக் கலக்காமல் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டக் கணக்கில் ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 180 லிட்டர் வாக்கில், குளித்த தண்ணீராகவும் பாத்திரம் கழுவிய தண்ணீராகவும் வெளியே வரும். கோடையில் இரண்டு மூன்று தென்னைக்குத் தாராளமாகப் போதும். நாம் அதைத் தெருவில் விட்டுக் கொசு வளர்க்கிறோம்.

இதில் கெடுவது பெரும்பாலும் எண்ணெயால்தான். சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் மண்ணில் படிந்து, ஆறு மாதத்தில் மரத்தடிக் குழி தண்ணீர் குடிக்காமல் போய்விடும். அதற்கு மரத்துக்கு முன்னால் ஒரு சின்ன சிமென்ட் தொட்டி கட்டினால் போதும். தண்ணீர் வெளியேறும் குழாயின் உள்முனையில் ஒரு எல்போவை (வளைந்த குழாய்த் துண்டு) கீழ்நோக்கி மாட்ட வேண்டும். எண்ணெய் மேலே மிதந்து தொட்டியிலேயே நின்றுவிடும், அடித்தண்ணீர் மட்டும் போகும். வாரம் ஒருமுறை கொட்டாங்குச்சியால் அந்த எண்ணெய் ஆடையை வழித்து எருக்குழியில் போட்டால் சரி. எல்போ விலை ஒரு டீக்காசுதான். ஆனால் கொத்தனார்கள் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

"சோப்புத் தண்ணி ஊத்துனா மரம் பட்டுப்போயிடாதா தம்பி?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான பயம். பாத்திர சோப்பு பெரிய தொல்லை இல்லை. சோப்புத்தூளில் இருக்கும் சோடியம்தான் மண்ணை இறுக்கிவிடும். "துணி ஊறவெச்ச முதல் தண்ணிய மட்டும் தனியா ஊத்திடுங்கம்மா, அலசின தண்ணி போகட்டும்" என்றேன். மீஞ்சூர்ப் பக்கம் பல இடங்களில் கிணற்று நீரே உப்பு. அங்கே வாழை வாடும், தென்னை தாங்கும். எல்லா ஊருக்கும் ஒரே படம் போட்ட துண்டறிக்கை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சிகுழியும் அப்படித்தான். கொசஸ்தலையாறு ஓரத்து ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அப்போது குழியில் தண்ணீர் இறங்காது, பொங்கும். அங்கே ஆழமில்லாத பாத்தியில் கல்வாழை, சம்பு நட்டுவிடுவது மேல். கீரைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம், குறிப்பாகப் பச்சையாகத் தின்பதற்கு.

சிறுநீர் பற்றிப் பேசினால் முகம் சுளிப்பார்கள். ஆனால் நம் உடம்பிலிருந்து வெளியேறும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பாதிக்குக் குறையாது. முசிறியில் சிறுநீரைத் தனியாகப் பிரிக்கும் கழிவறைகளை நடைமுறைப்படுத்திய மாராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதுவரை போகாவிட்டாலும், இரட்டைக்குழிக் கழிவறை இப்போது பல வீடுகளில் இருக்கிறது. ஒரு குழி நிரம்பியதும் அதை அடைத்துவிட்டு மற்றதுக்கு மாறி, இரண்டு வருடம் விட்டால் நாற்றமில்லாத எரு. லாரி கூப்பிட வேண்டாம், ஆளை இறக்கவே வேண்டாம்.

ஒரு சிக்கல். குழிகளுக்கு முன்னால் குழாய் இரண்டாகப் பிரியும் சின்ன அறையில், ஒரு வாயை அடைத்திருக்க வேண்டும். நான் திறந்து பார்த்த பல வீடுகளில் இரண்டுமே திறந்து கிடந்தன. இரண்டு குழியும் ஒன்றாக நிரம்பிவிட்டால் எரு எடுக்க வழியே இல்லை. உங்கள் வீட்டு மூடியை இந்த ஞாயிறு திறந்து பாருங்கள். அடைக்க ஒரு செங்கல்லும் கொஞ்சம் களிமண்ணும் போதும்.