நாயோடு ஜெர்மனிக்குப் போகிறீர்களா? டிக்கெட் போடும் முன் இந்தத் தேதிகளைப் பாருங்கள்

வெளிநாட்டில் இரண்டு மூன்று வருட வேலை என்று உறுதியானதும் எல்லோரும் விசா, வீடு, பிள்ளைகளின் பள்ளி என்று ஓடுகிறார்கள், நாயின் விஷயத்தைக் கடைசி மாதத்தில்தான் கையில் எடுக்கிறார்கள். அதற்குள் காலம் கடந்திருக்கும். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாயைக் கொண்டுபோக, முதலிலிருந்து தொடங்கினால், எல்லாமே சரியாக நடந்தாலும் குறைந்தது நான்கு மாதம் வேண்டும், எவ்வளவு பணம் கொடுத்து எந்த ஏஜெண்டைப் பிடித்தாலும் அது குறையாது. நாயை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்களில் பலர் கூட்டிப்போக மனமில்லாமல் விடுவதில்லை, இந்தக் கணக்கு தெரியாமல்தான் விடுகிறார்கள். அதனால் ஜெர்மனியை எடுத்துக்கொண்டு முழுதாகச் சொல்கிறேன். மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் அடிப்படை இதுதான்.

காரணம் ரேபிஸ். ரேபிஸ் கட்டுப்பாட்டில் இருக்கும் நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அங்கிருந்து வரும் நாய்க்கு அடையாள எண்ணுக்காகத் தோலுக்கடியில் வைக்கும் சிப்பும் தடுப்பூசியும் உடல்நலச் சான்றிதழும் போதும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நம் நாய்களுக்குக் கூடுதலாக, ஊசி வேலை செய்திருக்கிறதா என்று பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு மூன்று மாதக் காத்திருப்பு.

வரிசை மாறவே கூடாது. முதலில் மைக்ரோசிப், அதற்குப் பிறகு (அல்லது அதே நாளில், சிப் போட்ட கையோடு) ரேபிஸ் ஊசி, ஊசி போட்டு 30 நாள் கழிந்தபின் ரத்தம் எடுப்பது, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துப் பயணம். ஜனவரி 5 அன்று சிப்பும் ஊசியும் போட்டால், பிப்ரவரி 6 அன்று ரத்தம் எடுக்கலாம், மே 7 வாக்கில் கிளம்பலாம். மூன்று மாதம் என்பது ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து இல்லை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து. லேப் தாமதித்தாலும் உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். குட்டி என்றால் 12 வாரம் ஆனபிறகு போட்ட ஊசிதான் செல்லும், ஆக ஏழு மாதத்துக்கும் குறைவான குட்டியைக் கொண்டுபோக வழியே இல்லை.

சென்னைக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியதால் பல நாய்களுக்கு இப்போது சிப் இருக்கிறது. ஆனால் ஊசி அதற்கு முன்பே போட்டது என்றால், வருடா வருடம் தவறாமல் போட்டிருந்தாலும் ஐரோப்பியக் கணக்கில் அது சேராது, சிப்புக்குப் பின் போட்டதுதான் முதல் ஊசி. உங்கள் நாயின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து இரண்டு தேதிகளையும் இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியே சிப் எண் 15 இலக்கமா, டாக்டரின் ஸ்கேனரில் சரியாகத் தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு இலக்கம் மாறி எழுதியிருந்தால் அங்கே இறங்கும்போது அது வேறு நாய் ஆகிவிடும்.

ரத்தப் பரிசோதனையை அக்கம்பக்கத்து லேபில் செய்து பிரயோசனமில்லை. ஐரோப்பிய ஆணையம் அங்கீகரித்த லேபாக இருக்க வேண்டும், பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. டாக்டர் ரத்தம் எடுத்து, சீரம் பிரித்து, சிப் எண்ணோடு அனுப்புவார். ரேபிஸுக்கு எதிரான ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் பொருள்) மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் வந்தால் தேறியது. வராவிட்டால் மறுபடி ஊசி, மறுபடி ரத்தம், காத்திருப்பும் முதலிலிருந்து. இதில் ஒரு நல்ல செய்தி, ஒருமுறை தேறிவிட்டால் அந்த முடிவு நாயின் ஆயுளுக்கும் செல்லும், பூஸ்டர் ஊசியைக் காலாவதிக்கு முன்பே போட்டுக்கொண்டு வரும்வரை. ஒரே ஒரு நாள் விட்டுப்போனாலும் எல்லாம் முதலிலிருந்து. அதனால் இன்னும் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ போகக்கூடும் என்று தோன்றினாலே இப்போதே செய்துவைத்துவிடலாம், செய்தது வீணாகாது.

கிளம்பும் வாரத்து வேலை மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்புச் சேவை நிலையத்தில். ஏக்யூசிஎஸ் என்றால்தான் பலருக்கும் தெரியும். சென்னையில் பள்ளிக்கரணையில் இருக்கிறது, டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத்திலும் உண்டு. ஜெர்மன், ஆங்கிலம் இரண்டும் உள்ள ஐரோப்பியப் படிவத்தில் அரசு கால்நடை அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அந்தச் சான்றிதழ் 10 நாளுக்குத்தான் செல்லும், அதற்குள் நாய் அங்கே இறங்கிச் சோதனை முடிந்திருக்க வேண்டும். நாய் பயணம் செய்யும் நாளுக்கு முன்னும் பின்னும் ஐந்து நாளுக்குள் நீங்களும் பயணம் செய்ய வேண்டும், இல்லையென்றால் வணிக இறக்குமதி விதிகளுக்குள் போய்விடும், அது வேறு உலகம். உங்களுக்குப் பதில் வீட்டில் ஒருவர் கூட்டி வருகிறார் என்றால் எழுத்தில் அதிகாரம் கொடுத்து அனுப்புங்கள்.

ஜெர்மனிக்கே உரிய விதிகளும் உண்டு. பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய நான்கு இனங்களையும் அவற்றின் கலப்பினங்களையும் தங்குவதற்காகக் கொண்டுபோகத் தடை. போய்ச் சேர்ந்ததும் உள்ளாட்சியில் நாய் வரி கட்ட வேண்டும். பெர்லினில் முதல் நாய்க்கு வருடம் 120 யூரோ, நாய் யாருக்காவது சேதம் செய்தால் ஈடுகட்டும் காப்பீடும் அங்கே கட்டாயம். அப்புறம் உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் ஐரோப்பிய வளர்ப்புப் பிராணி பாஸ்போர்ட் வாங்கி, ரத்தப் பரிசோதனை முடிவையும் அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்படிச் செய்துவிட்டால், நடுவில் நாயோடு ஊருக்கு வந்து திரும்பினாலும் மூன்று மாதக் காத்திருப்பு திரும்ப வராது.

விமானத்தில் பல நிறுவனங்கள் பையோடு சேர்த்து 8 கிலோ வரைதான் கேபினில் விடுகின்றன, அதற்கு மேல் எடையுள்ள நாய்கள் கூண்டில் கீழே, சரக்குப் பகுதியில். நின்று, திரும்பி, படுக்க இடமுள்ள கூண்டாக வாங்கி, மாதக்கணக்கில் வீட்டிலேயே அதில் தூங்கப் பழக்குங்கள். தூக்க மருந்து கொடுக்காதீர்கள், மூச்சுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆபத்து. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களைப் பல நிறுவனங்கள் கீழ்ப்பகுதியில் ஏற்றுவதே இல்லை, டிக்கெட்டுக்கு முன் கேட்டுவிடுங்கள்.

வேறு நாடென்றால் சுருக்கமாக. பிரிட்டனுக்கும் இதே ரத்தப் பரிசோதனை, இதே மூன்று மாதம், ஆனால் விமானத்தில் போகும் நாய் சரக்காக மட்டுமே இறங்கலாம், போய்ச் சேர்வதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன் நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் புது விதி: ஆறு மாதம் நிறைந்த, சிப் உள்ள நாய் மட்டும், இந்தியாவில் ஊசி போட்டதென்றால் அரசு அதிகாரி சான்றளித்த படிவமும், அனுமதி பெற்ற பராமரிப்பு மையம் உள்ள விமான நிலையத்தில் முன்பதிவும் வேண்டும், ரத்தப் பரிசோதனை இல்லாவிட்டால் அங்கே 28 நாள் தனிமை, செலவு உங்களுடையது. ஜப்பானுக்கு ரத்தம் எடுத்தபின் 180 நாள். ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேரடியாக நாயை ஏற்பதே இல்லை, இன்னொரு நாடு வழியாகத்தான்.

திரும்பி வருவதையும் போகும் முன்பே யோசியுங்கள். 2013 சுங்கச் சுற்றறிக்கைப்படி, தொடர்ந்து இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்து குடியிருப்பை மாற்றிக்கொண்டு வருபவர் இரண்டு வளர்ப்புப் பிராணிகள் வரை உடைமையாகக் கொண்டுவரலாம். உங்கள் வேலை ஒன்றரை வருடம் மட்டும் என்றால், இங்கிருந்து போன நாய் திரும்பி வர என்ன வேண்டும் என்று கிளம்பும் முன்பே ஏக்யூசிஎஸ் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் போகும்போது வாங்கிய ஏற்றுமதிச் சான்றிதழின் நகலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.